உயரமான காருக்குப் பதினாறு வாரம்

பாலிகஞ்ச், கொல்கத்தா
09.03.2026, திங்கட்கிழமை

அன்பிற்குரிய மைத்துனர் இராஜமாணிக்கத்திற்கு,

சுந்தரேசன் எழுதுவது. நானும் உங்கள் அக்கா ஜலஜாவும் இவ்விடம் சௌக்கியம். உங்கள் இரத்த அழுத்தம், சாவித்திரியின் முழங்கால் வலி ஆகிய இரண்டைப் பற்றியும் தனித்தனியே எழுதவும். சென்ற முறை இரண்டையும் ஒரே வாக்கியத்தில் எழுதியதால் யாருக்கு எது குறைந்தது என்பது விளங்கவில்லை. தொலைபேசியில் எனக்குப் பாதிதான் கேட்கிறது. தவிர, முக்கியமான முடிவு எழுத்தில் இருப்பதே முறை.

எங்கள் கார் 14.06.2011 அன்று பதிவு செய்யப்பட்டது. எனவே வரும் 13.06.2026 சனிக்கிழமையோடு அதன் பதினைந்தாண்டுப் பதிவு முடிகிறது. ஜலஜாவுக்கு ஜாதவ்பூரில் திங்கள், புதன், வெள்ளி காலை ஏழு மணிக்கு டயாலிசிஸ். 05.07.2024 முதல் இதுவே வழக்கம். கார் இல்லாமல் ஒரு வாரம்கூட நடவாது. மழை நாட்களில் வாடகைக் கார்க்காரர்கள் ஒப்புக்கொண்டுவிட்டுப் பத்தே நிமிடத்தில் ரத்து செய்துவிடுகிறார்கள்.

மின்சாரக் கார் என்று தீர்மானித்துவிட்டேன். எங்கள் கட்டிடச் சங்கமும் சார்ஜர் வைக்க அனுமதி தந்துவிட்டது. இரண்டு கார்கள் பரிசீலனையில் உள்ளன. ஒன்று சிறியது, விலை குறைவு. மற்றொன்று கிராஸ்ஓவர் என்கிறார்கள். உயரமானது, விலை ஏறத்தாழ இரு மடங்கு. போக வர எட்டு கிலோமீட்டருக்கு உயரம் எதற்கு என்பது என் எண்ணம். தண்ணீர் தேங்குமே என்று நீங்கள் கேட்பீர்கள். துறைமுகத்தின் ஆற்று அளவைப் பிரிவில் முப்பத்துநான்கு ஆண்டுகள் இருந்த வழக்கத்தால், மழை பெய்யும்போதெல்லாம் எங்கள் வாசலில் தண்ணீரை அளந்து எழுதி வைக்கிறேன். சென்ற ஆண்டு டயாலிசிஸ் நாட்களில் தேங்கியது மூன்றே முறை:

18.06.2025 புதன், 22 செ.மீ.
14.07.2025 திங்கள், 19 செ.மீ.
24.09.2025 புதன், 24 செ.மீ.

இதற்குச் சிறிய கார் போதும். முப்பத்துமூன்று ஆண்டுகள் பேருந்துப் பணிமனையில் போர்மேனாக இருந்தவர் என்ற முறையில் உங்கள் கருத்தை எழுதுங்கள்.

தங்கள் நலம் விரும்பும்,
சுந்தரேசன்


திருச்சி
18.03.2026

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

இராஜமாணிக்கத்தின் வணக்கம். எனக்கு இரத்த அழுத்தம் குறைந்தது. சாவித்திரிக்கு முழங்கால் வலி குறையவில்லை. இரண்டு வாக்கியம் எழுதிவிட்டேன், சரிதானே?

மாமா, கப்பலுக்கு வழி சொல்வது வேறு, கார் வாங்குவது வேறு. தண்ணீரை அளந்தீர்களே, அக்காவின் முழங்காலை அளந்தீர்களா? டயாலிசிஸ் முடிந்து வரும்போது அவள் கால் எப்படித் துவளும் என்று போன தீபாவளிக்கு வந்தபோது பார்த்தேன். தாழ்ந்த சீட்டிலிருந்து ஒருவர் எழ வேண்டுமென்றால், முழு உடம்பையும் காலால் தூக்க வேண்டும். உயரமான சீட் என்றால் நகர்ந்து இறங்கிவிடலாம். பஸ் சீட்டுக்கே நாங்கள் இதையெல்லாம் பார்ப்போம்.

அக்காவைக் கூட்டிக்கொண்டு போய் இரண்டிலும் உட்கார வையுங்கள். அவள் என்ன சொல்கிறாள் என்று எழுதுங்கள். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்பது வேண்டாம்.

அக்காவைக் கேட்டதாகச் சொல்லவும்.
உங்கள் இராஜமாணிக்கம்


பாலிகஞ்ச்
30.03.2026, திங்கட்கிழமை

அன்பிற்குரிய மைத்துனருக்கு,

தங்கள் 18.03.2026 கடிதம் 24.03.2026 அன்று கிடைத்தது. இங்கு இருவரும் நலம். ஜலஜாவின் எடை நேற்று 51.4 கிலோ.

தாங்கள் சொன்னபடி 28.03.2026 சனிக்கிழமை ஷோரூமுக்குச் சென்றோம். அளவுநாடா எடுத்துச் சென்றிருந்தேன். விற்பனைப் பெண் ஸ்னேகா, இவ்வூர் வழக்கப்படி என்னைச் சித்தப்பா முறை வைத்து அழைத்து, "மேஷோமொஷாய், அளவெல்லாம் இந்தப் புத்தகத்துலயே இருக்கே" என்றாள். "புத்தகத்தை எழுதினவர் என் மனைவி உட்கார்ந்து பார்த்து எழுதலியே" என்றேன். அவள் சிரித்தாள். நான் வேடிக்கையாகச் சொல்லவில்லை.

சிறிய காரின் இருக்கை தரையிலிருந்து 51 செ.மீ. உயரமானதில் 67. சிறியதில் ஜலஜா சுலபமாக உட்கார்ந்தாள். எழுவதற்கு நானும் ஸ்னேகாவும் ஆளுக்கொரு கை கொடுக்க வேண்டியிருந்தது. "ஏங்க, உக்காரதுக்கு நல்லாத்தான் இருக்கு. எந்திரிக்கத்தான் ரெண்டு ஆள் வேணும்" என்றாள். உயரமானதில் தானே ஏறினாள், தானே இறங்கினாள். பின்பு சொல்லாமல் இன்னொரு முறை ஏறி இறங்கினாள். ஒன்றும் சொல்லவில்லை.

ஆயினும் உயரமான காரை முன்பதிவு செய்தால் கையில் கிடைக்கப் பதினான்கு முதல் பதினாறு வாரங்கள் ஆகுமாம். சிறியது ஒரே வாரம். எங்கள் காரின் பதிவு 13.06.2026-ல் முடியும், இங்கே பருவமழையும் அதையொட்டித்தான் வரும். உயரமானதைத் தேர்ந்தால் மழைக்காலத்தின் முதல் நான்கைந்து வாரங்களைக் காரில்லாமல் கழிக்க நேரும். எனவே சிறியதே பொருத்தம். கருத்துக்கு நன்றி.

தங்கள்,
சுந்தரேசன்


திருச்சி
08.04.2026

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

வணக்கம். இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது, மற்றபடி குறையொன்றுமில்லை. வரும் புத்தாண்டுக்கு அக்காவுக்கு ஒரு நூல் புடவை அனுப்பியிருக்கிறோம்.

அக்கா இரண்டாம் முறை ஏறி இறங்கினாள் என்று நீங்களே எழுதிவிட்டு, ஒன்றும் சொல்லவில்லை என்கிறீர்கள். அதைவிட என்ன சொல்ல வேண்டும் மாமா?

பதிவு முடிந்தால் கார் செத்தா போய்விடும்? எஃப்.சி. காட்டி இன்னும் ஐந்து வருடம் நீட்டலாம். ஓடாத பஸ்ஸையெல்லாம் ஓட வைத்து எஃப்.சி. வாங்கியவன் நான். பழைய காரை நீட்டிக்கொண்டு ஓட்டுங்கள். உயரமானதை இன்றைக்கே பதிவு செய்யுங்கள். நாலு மாதம் எப்படியோ ஓடிவிடும். அப்படியும் பெரிய மழை வந்தால் மூன்றாம் மாடி மித்ரா பாபுவிடம் உயரமான கார் இருக்கிறதே. அவரோடு சதுரங்கம் ஆடியதைக் கடிதம்தோறும் எழுதுவீர்களே. இப்போதெல்லாம் அவர் பெயரே வருவதில்லை. ஊரில் இல்லையா?

பழைய காரில் என்ன கோளாறு என்று மெக்கானிக் சொன்னதை அப்படியே எழுதுங்கள்.

இராஜமாணிக்கம்


பாலிகஞ்ச்
20.04.2026, திங்கட்கிழமை

அன்பிற்குரிய மைத்துனருக்கு,

தங்கள் கடிதமும் புடவையும் முறையே 13.04.2026, 15.04.2026 தேதிகளில் கிடைத்தன. ஜலஜா புடவையை உடுத்திக்கொண்டாள், நிறம் பிடித்திருக்கிறது. நான் நலம்.

பழைய காரை நீட்டிக்க இயலாது. டாலிகஞ்ச் மெக்கானிக் பாபு பார்த்துவிட்டு, எஞ்சினுள் தண்ணீர் புகுந்ததால் ஏற்பட்ட பழுது இது, ஒட்டுப்போட்டு ஓடுகிறது, சோதனையில் தேறாது என்றான்.

02.05.2026 சனிக்கிழமை சிறிய காரைப் பதிவு செய்வதாக இருக்கிறேன். இது குறித்து மேலும் எழுத வேண்டியதில்லை.

சுந்தரேசன்


திருச்சி
25.04.2026

மாமா அவர்களுக்கு,

வணக்கம். சாவித்திரியும் நானும் சுகம். சுகத்தைப் பிறகு பேசுவோம்.

எஞ்சினுக்குள் எப்போது தண்ணீர் போனது? உங்கள் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். 22, 19, 24. இருபத்துநாலு சென்டிமீட்டர் தண்ணீரில் எந்த எஞ்சினும் தண்ணீர் குடிக்காது. எஞ்சின் தண்ணீர் குடிக்க வேண்டுமென்றால் அது பம்பருக்கு மேலே ஏற வேண்டும். அப்படி ஒரு நாள் இருந்திருக்கிறது. அது உங்கள் பட்டியலில் இல்லை.

பால் பாக்கெட் எந்தத் தேதியில் தாமதமாக வந்தது என்று எழுதி வைக்கிறவர் நீங்கள். நீங்கள் ஒரு தேதியை மறந்தீர்கள் என்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன்.

நேற்று அக்காவிடம் போனில் கேட்டேன். "அத உங்க மாமாகிட்டயே கேளு" என்றாள். உங்கள் கல்யாணமாகி நாற்பத்துமூன்று வருடத்தில் அவள் என்னிடம் இப்படிச் சொன்னதில்லை. எது கேட்டாலும் உங்களுக்காக அவள்தான் பதில் சொல்வாள்.

என்ன நடந்தது? எழுதும்வரை எந்தக் காரையும் பதிவு செய்ய வேண்டாம்.

இராஜமாணிக்கம்


திருச்சி
14.05.2026

மாமா அவர்களுக்கு,

பத்தொன்பது நாளாகப் பதில் இல்லை. என் கடிதம் கிடைத்த ஒரு வாரத்தில் பதில் போடுகிறவர் நீங்கள். அக்கா போனை எடுத்து "நல்லா இருக்கோம்" என்று சொல்லி வைத்துவிடுகிறாள். ஜூன் மூன்றாம் தேதிக்கு ரயில் டிக்கெட் போட்டிருக்கிறேன். நேரில் வந்து பேசிக்கொள்கிறேன்.

இராஜமாணிக்கம்


பாலிகஞ்ச்
19.05.2026, செவ்வாய்க்கிழமை

அன்பிற்குரிய மைத்துனருக்கு,

தங்கள் 25.04.2026 கடிதம் 30.04.2026 அன்றும், 14.05.2026 கடிதம் நேற்றும் கிடைத்தன. முதலாவதற்கு ஐந்து முறை பதில் எழுதிக் கிழித்தேன். இதை ஜலஜாவுக்குப் படித்துக் காட்டிய பிறகே தபாலில் சேர்ப்பேன்.

அந்தத் தேதி 08.08.2025, வெள்ளிக்கிழமை.

விடியற்காலையிலிருந்து மழை. 5.55-க்கு வாசலில் 34 செ.மீ. இந்நகரத்தின் மழைநீர் மதகுகள் வழியாக ஆற்றுக்குப் போகிறது. ஆறு ஏறும்போது மதகை மூடுவார்கள், வற்றும்போது திறப்பார்கள். ஆகையால் ஆற்றின் ஏற்ற இறக்க அட்டவணையைப் பார்த்தால் தெரு எப்போது வடியும் என்று என்னால் சொல்ல முடியும். பார்த்தேன். வெள்ளிக்கிழமை, ஆறு மணிக்கு வற்றம் தொடங்கும் என்றிருந்தது.

கீழே மித்ரா பாபு தம் காரோடும் ஓட்டுநர் சதீஷோடும் காத்து நின்றார். "சுந்தரேசன் தா, பௌதியை இதுல கூட்டிட்டுப் போங்க. உங்க வண்டி தாங்காது" என்றார். தா, தாதா என்றால் இங்கே அண்ணன்; பௌதி என்றால் அண்ணி. கட்டிடத்தில் பாதிப் பேர் பால்கனியில் நின்றார்கள். நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "முப்பத்துநாலு வருஷம் இந்த ஆத்தை அளந்தவன் நான். தண்ணி எப்போ வடியும்னு எனக்கு நீங்க சொல்லித் தர வேண்டாம். அரை மணியில தெரு காலியாயிடும்." ஜலஜா, "அவர் வண்டியிலயே போயிடலாமே" என்றாள். அவளையும் அதட்டினேன்.

6.25-க்குத் தாக்குரியா போகும் வழியில் கார் நின்றது. தண்ணீர் வடியவில்லை, ஏறியது. கதவின் கீழ்வழியாக உள்ளே வந்து, ஜலஜாவின் கணுக்காலை, பிறகு முழங்காலை நனைத்தது. ஒரு மணி நாற்பது நிமிடம். "வடிஞ்சிடும், வடிஞ்சிடும்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். மித்ரா பாபுதான் சதீஷோடு எங்களைத் தேடி இடுப்பளவு நீரில் நடந்து வந்தார். அவருக்கு எழுபத்தொரு வயது. இருவருமாக அவளைத் தூக்கிச் சென்றார்கள். நான் பின்னால் அவள் செருப்பை எடுத்துக்கொண்டு போனேன்.

அன்றைய டயாலிசிஸ் தவறியது. மறுநாள் நண்பகலில் நுரையீரலில் நீர் கோத்து மூச்சு முட்டியது. 09.08.2025 முதல் 12.08.2025 வரை தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தாள். உங்களுக்கு விஷக் காய்ச்சல் என்று சொன்னோம்.

13.08.2025 அன்று அட்டவணையை மீண்டும் எடுத்துப் பார்த்தேன். நான் படித்தது 01.08.2025 வெள்ளிக்கிழமையின் வரிசையை. முந்தைய வாரத்து வெள்ளி. ஒரு வாரத்தில் ஆற்றின் ஏற்றமும் இறக்கமும் தலைகீழாகிவிடும். நான் வற்றம் என்று படித்த நேரம் ஏற்றத்தின் நேரம். நான் ஒரு தேதியைத் தவறாகப் படித்தேன், இராஜமாணிக்கம். அந்த நாளின் பக்கத்தைக் குறிப்பேட்டிலிருந்து கிழித்துவிட்டேன். அதனால்தான் உங்கள் பட்டியலில் அது இல்லை.

மித்ரா பாபு மருத்துவமனைக்கு இருமுறை வந்தார். இரு முறையும் நான் எழுந்து வெளியே போய்விட்டேன். அதன் பிறகு அவரோடு நான் பேசவில்லை. நன்றியும் சொல்லவில்லை. படியில் எதிர்ப்பட்டால் கைபேசியைப் பார்ப்பேன்.

சிறிய கார் ஒரு வாரத்தில் வரும். உயரமான காருக்குக் காத்திருந்தால் மழை பெய்யும் ஒவ்வொரு திங்களும் புதனும் வெள்ளியும் அவர் கதவைத் தட்ட வேண்டும். காரணம் இது ஒன்றுதான். மற்றவையெல்லாம் பின்னால் சேர்த்தவை. ஜலஜா இரண்டாம் முறை ஏன் ஏறி இறங்கினாள் என்பது எனக்கு அப்போதே புரிந்தது.

02.05.2026 அன்று ஷோரூமில் காசோலை எடுத்தேன். தேதி எழுதினேன். அதற்கு மேல் எழுதாமல் வந்துவிட்டேன்.

சுந்தரேசன்


பாலிகஞ்ச்
21.05.2026

தம்பி இராஜாவுக்கு, அக்கா எழுதறது.

நான் நல்லா இருக்கேன். சாவித்திரியை வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல்லு. உங்க மாமா லெட்டரை எனக்குப் படிச்சுக் காட்டினார். நாலு பக்கம் படிக்க முக்கா மணி நேரம் ஆச்சு. இடையில ரெண்டு தரம் கண்ணாடியைத் துடைச்சார், கண்ணாடி சுத்தமாத்தான் இருந்தது.

தப்பான வரியைப் படிச்சார்ங்கறது எனக்கு இன்னிக்குத்தான் தெரியும். மத்ததெல்லாம் தெரியும், நான்தானே உள்ள உக்காந்திருந்தேன். அவரா வாயைத் திறந்து சொல்லட்டும்னு ஒன்பது மாசம் பொறுத்தேன்.

"எந்தக் கார் வேணும் ஜலஜா?"ன்னு கேட்டார். முத முறையா கேக்கறார். "ஒசரமானது"ன்னேன். "அது வர வரைக்கும்?"னார். "மித்ரா பாபு வண்டி"ன்னேன். "நீயே அவர் வீட்டம்மாகிட்ட ஒரு வார்த்த சொல்லேன்"னார். "நான் சொல்ல மாட்டேன். அந்த மனுஷன் என்னைத் தண்ணில தூக்கிட்டு வந்தாரு. அவர்கிட்ட நீங்கதான் போகணும்"னேன். என்னை இனிமே யாரும் தூக்கக் கூடாது தம்பி. நானா ஏறி நானா இறங்கணும். எனக்கு அவ்வளவுதான் ஆசை.

நீ மூணாந்தேதி வராதே. டிக்கெட்டைக் கேன்சல் பண்ணு. நீ வந்தா மாமா உன்னைத்தான் மூணாம் மாடிக்கு அனுப்புவார். நீயும் போவே. எனக்குத் தெரியும் உன்னை.

ஜலஜா


பாலிகஞ்ச்
15.06.2026, திங்கட்கிழமை

அன்பிற்குரிய மைத்துனருக்கு,

நீங்கள் வராததில் எனக்கு வருத்தமும் நிம்மதியும் உண்டு. ஜலஜா நலம். அதைத்தான் முதலில் எழுத வேண்டும்.

25.05.2026 அன்று உயரமான காரைப் பதிவு செய்தோம். 31.08.2026-க்கும் 14.09.2026-க்கும் இடையில் தருவதாக ஸ்னேகா எழுதிக் கொடுத்திருக்கிறாள். பழைய காரைப் பதிவு முடிந்த சனிக்கிழமையன்றே கழித்துக் கொடுத்துவிட்டேன். புதியதைப் பதிவு செய்த நாளிலேயே நான் மித்ரா பாபுவைப் போய்ப் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. மழை வரட்டும் என்று இருந்தேன். நேற்றுவரை வரவில்லை.

இன்று வந்தது. 5.40-க்கு வாசலில் 31 செ.மீ. இரண்டு வாடகைக் கார்கள் ஒப்புக்கொண்டு ரத்து செய்தன. ஜலஜா உடுத்திக்கொண்டு, பையை மடியில் வைத்துக்கொண்டு, நாற்காலியில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எத்தனை மணி?" என்று மட்டும் கேட்டாள். 5.58 என்றேன்.

மூன்றாம் மாடிக்குப் படியேறினேன். மணியை அடித்தேன். அவரே கதவைத் திறந்தார். பனியனோடு, கையில் தேநீரோடு நின்றார். பத்து மாதமாக மனத்தில் எழுதி வைத்திருந்த வாக்கியங்கள் எவையும் வாய்க்கு வரவில்லை.

"மித்ரா பாபு, அன்னிக்கு நான் தேதியைத் தப்பாப் படிச்சேன்" என்றேன்.

அவர் தேநீரை மறு கைக்கு மாற்றிக்கொண்டார்.

"ஜலஜாவுக்கு ஏழு மணிக்கு டயாலிசிஸ். உங்க வண்டி வேணும்."

தேநீரை வைத்துவிட்டு வந்து, சாவியை ஆணியிலிருந்து எடுத்தார். "சுந்தரேசன் தா, இது பௌதிக்காக. உங்களுக்காக இல்ல" என்றார். "சரி" என்றேன். "அன்னிக்கு ஐ.சி.யூ. வாசல்ல நான் உங்க பக்கத்துல உக்காரத்தான் வந்தேன். நீங்க எழுந்து போனீங்க" என்றார். அதற்கும் "சரி" என்றேன்.

சாவி உங்களிடமே இருக்கட்டுமா, உங்கள் கார் வரும்வரை ஒவ்வொரு முறையும் மேலே ஏற வேண்டாமே என்று அவர் மனைவி உள்ளேயிருந்து கேட்டார். மித்ரா பாபு திரும்பிப் பார்க்காமல், "வேண்டாம். ஒவ்வொரு தடவையும் அவரே வந்து கேக்கட்டும்" என்றார்.

சதீஷ் ஓட்டினான். மித்ரா பாபு முன்னால் உட்கார்ந்தார். தாக்குரியா அருகே தண்ணீர் சக்கரத்தின் பாதிவரை இருந்தது. "ஏறுதா, வடியுதா தாதா?" என்று சதீஷ் என்னைக் கேட்டான். "தெரியலப்பா. நீ பாத்து ஓட்டு" என்றேன். மித்ரா பாபு காரின் முன்கண்ணாடியைத் துடைத்தார். 6.51-க்குச் சென்றடைந்தோம். சதீஷ் இறங்கிக் கை கொடுக்க வந்தான். ஜலஜா கையை ஆட்டி அவனைத் தள்ளி நிற்கச் சொன்னாள். நானும் தள்ளியே நின்றேன். இருக்கையின் விளிம்புக்கு நகர்ந்து, ஒரு காலை ஊன்றி, பிறகு மறு காலை ஊன்றி இறங்கினாள்.

இப்போது மாலை நான்கு. அவள் தூங்குகிறாள். புதிய கார் வர இன்னும் பதினோரு முதல் பதின்மூன்று வாரங்கள் ஆகலாம். நாளை மறுநாள் புதன். மழை என்கிறார்கள். காலை 5.50-க்கு மேலே போவேன்.

சாவித்திரிக்கும் தங்களுக்கும் எங்கள் அன்பு.
சுந்தரேசன்